எதுல பெருமை, தோழர்களே?

(இணையப் பணித் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



காலையிலிருந்து ரீல்ஸ் எப்படி எடிட் பண்றது, ஹேஷ்டேக் எத்தனை மணிக்குப் போடறதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. எனக்கு அதெல்லாம் வராது. "பதிவுகள்ல மொழி எப்படி இருக்கணும்னு ஒரு அரை மணி நேரம் பேசுங்க"ன்னு கேட்டாங்க. அரை மணி நேரத்துல மொழியைப் பத்திப் பேச முடியாது. ஒரு சொல்லைப் பத்திப் பேசலாம். அதனால ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். பெருமை.

ஏன் இந்தச் சொல்? போன வாரம் முழுக்க உங்க பக்கங்களை உட்கார்ந்து படிச்சேன். "பெருமையுடன் வழங்கும்", "பெருமைமிகு மாவட்டம்", "தமிழனாய்ப் பிறந்ததில் பெருமை கொள்கிறேன்". நல்லது, போடுங்க. ஆனா நடுவுல ஒரு போஸ்டர் கண்ணுல பட்டுச்சு. ஒரு பக்கம் நம்ம கொடி. இன்னொரு பக்கம் சிங்கம், வாள், நெருப்பு. நடுவுல நம்ம தோழர் ஒருத்தரோட படம். கீழே கொட்டை எழுத்துல அவரோட சாதிப் பெயரைப் போட்டு, அதுல பிறந்ததே பெருமைன்னு ஒரு வரி. பிறந்தநாள் வாழ்த்தாம். அதுக்கு 400 லைக்கு. லைக் போட்ட பெயர்களைப் பாத்தேன். பாதிப் பேர் இங்கதான் உட்கார்ந்திருக்கீங்க.

அந்தத் தோழரைத் திட்ட வரல. அவர் யாருன்னு சொல்லவும் மாட்டேன். அவர் அந்தச் சொல்லை வேணும்னே தப்பாப் பயன்படுத்தினார்னு நான் நினைக்கல. பெருமைங்கற சொல்லுக்கு அதுதான் அர்த்தம்னு அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. எனக்கும் ஒரு காலத்துல சொல்லிக் கொடுத்தாங்க. அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல பேச்சு வழக்குல இருந்து ஆரம்பிப்போம். பெருமைங்கற சொல்லை நம்ம வீட்டுப் பெரியவங்க எப்படிப் புழங்குறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? பாதி நேரம் கிண்டலுக்குத்தான். "பெருமை பீத்திக்காத." "வெட்டிப் பெருமை." "பெருமைக்கு எருமை மேய்க்கிறான்." "பழம்பெருமை பேசிக்கிட்டுத் திரியறான்." நான் பத்தாவதுல பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்கினப்ப பக்கத்து வீட்டு அக்கா வந்து எங்கம்மாகிட்ட புகழ்ந்தாங்க. எங்கம்மா, "அட போ பாப்பா, இதென்ன பெரிய பெருமை"ன்னு சொல்லிட்டு உள்ள போய், அடுப்படியில நின்னு முந்தானையில கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க. நம்ம மக்களுக்குப் பெருமை தெரியாம இல்லை. அதைத் தானே சொல்லிக்கக் கூடாது, பாக்கறவங்க சொல்லணும்னு ஒரு நாகரிகம் வச்சிருந்தாங்க.

இதே குடும்பத்துல இன்னும் எத்தனை சொற்கள் இருக்குன்னு பாருங்க. பெருமிதம், செருக்கு, இறுமாப்பு, ஆணவம், அகந்தை, கர்வம், மமதை, தலைக்கனம், திமிர், கொழுப்பு. இப்போ புதுசா நீங்க கண்டுபிடிச்சது, கெத்து. இவ்வளவு சொல் ஒரு மொழியில எதுக்கு இருக்கு? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடை. எங்க எந்த எடைக்கல்லைப் போடறதுன்னு தெரியாம போட்டா வியாபாரம் கெட்டுப் போயிடும்.

செருக்குங்கற சொல்லுக்குப் பழைய பொருள்கள்ல ஒண்ணு போதை. கள் குடிச்சவனுக்கு வர்ற மயக்கம், களிப்பு. அதனாலதான் பணச் செருக்கு, பதவிச் செருக்குன்னு சொன்னா அவன் தெளிவா இல்லைன்னு அர்த்தமாகுது. ஆனா பாரதி இந்தச் சொல்லை அப்படியே திருப்பிப் போட்டார். புதுமைப் பெண்ணைப் பாடும்போது செருக்கை அவளுக்கு ஒரு நகையா மாட்டிவிட்டார். அறிவினால வர்ற செருக்கு. தலை குனிஞ்சு நடன்னு காலங்காலமா சொல்லி வளர்க்கப்பட்டவளுக்கு அந்தச் சொல் அப்போ தேவைப்பட்டுச்சு. ஏற்கெனவே மீசை முறுக்கிக்கிட்டு நிக்கிறவனுக்கு அவர் அதைக் கொடுக்கலை. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

அடுத்தது தொல்காப்பியம். பயப்படாதீங்க, இலக்கண வகுப்பு எடுக்கல. தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு. மனசுல வர்ற உணர்ச்சி உடம்புல எப்படித் தெரியுதுங்கறதைப் பத்தினது. மெய்ப்பாடு எட்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதுல பெருமிதம் ஒண்ணு. ஒரு மனுசனுக்குப் பெருமிதம் எதனால வரும்னு கேட்டுக்கிட்டு நாலே நாலு காரணம் சொல்றார். படிப்பு ஒண்ணு. அஞ்சாமை, அதாவது தறுகண், ரெண்டு. புகழ் மூணு. கொடுக்கிற குணம் நாலு. அவ்வளவுதான், பட்டியல் முடிஞ்சுது.

இந்த நாலுல பிறப்பு இருக்கா? குலம் இருக்கா? எங்க தாத்தா இந்த ஊரையே ஆண்டார்னு ஏதாவது இருக்கா?

இல்லை. மேடையில "ஆண்ட பரம்பரை"ன்னு பேசுறவங்க தமிழ்ல இருக்கிற மிகப் பழைய இலக்கண நூலைத் திறந்து பாத்தா, அவங்க சொல்ற சரக்கு அந்தக் கடையிலேயே கிடையாது. "புகழ்னு ஒண்ணு இருக்கே, அது குடும்பப் புகழா இருக்கலாமே"ன்னு ஒருத்தர் என்கிட்ட மடக்கிக் கேட்டார். பேராசிரியர்னு ஒரு பழைய உரையாசிரியர் அதுக்கும் பதில் எழுதி வச்சிருக்கார். எவ்வளவு சுகமும் பொருளும் கிடைச்சாலும் பழி வர்ற காரியத்தைச் செய்யாம இருக்கிறதுதான் அந்தப் புகழ்னு விளக்கம் சொல்றார். அதுவும் அவனவன் செய்ய வேண்டியது. அப்பன் சம்பாதிச்சு வச்சிட்டுப் போக முடியாது.

வள்ளுவர்கிட்ட வருவோம். பிறப்பால எல்லா உயிரும் சமம்னு சொல்ற குறள் நம்ம எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேனர்ல போட்டிருக்கோம்! அது எந்த அதிகாரத்துல வருதுன்னு யாருக்காவது தெரியுமா? போன ரெண்டு வகுப்புலயும் கேட்டேன், ஒரே ஒரு தங்கச்சிதான் சரியாச் சொன்னாங்க. அது 98-ஆவது அதிகாரம். அதிகாரத்தோட பெயரே "பெருமை". அதுல ரெண்டாவது குறள். பெருமைன்னா என்னன்னு சொல்லப் போறவர், முதல் வேலையாப் பிறப்பை அந்தக் கணக்குல இருந்து வெளிய எடுத்துப் போட்டுட்டுத்தான் மேல பேசுறார். செய்யற தொழில், நடந்துக்கிற விதம், அதுலதான் வித்தியாசம் வரும்ங்கறார். இன்னொரு இடத்துல, ஒருத்தர் பெரியவரா சிறியவரான்னு உரசிப் பாக்கிற கல், அவங்கவங்க செஞ்ச காரியம்தான்னு சொல்றார். நகைக்கடையில தங்கத்தை உரசிப் பாப்பாங்க இல்லையா, அந்தக் கல்.

ஒரு சின்ன வேடிக்கை. வள்ளுவர் பெருமிதங்கற சொல்லை ரெண்டு விதமாவும் பயன்படுத்தியிருக்கார். 431-ஆவது குறள்ல அது நல்ல சொல். செருக்கு, கோபம் எல்லாம் இல்லாதவங்களோட வளர்ச்சிதான் பெருமிதம் உடையதுங்கறார். 979-ல அதுவே கெட்ட சொல். அந்தப் பெருமிதம் இல்லாம இருக்கிறதுதான் பெருமைங்கறார். ஒரே ஆள், ஒரே சொல், ரெண்டு எடை. சொல்லுக்குன்னு தனியா குணம் கிடையாது. யார் கையில, யாரைப் பாத்து, எதுக்காகங்கறதுலதான் இருக்கு.

அதுக்கு நல்ல உதாரணம் திமிர். இந்தச் சொல்லை யாரைப் பாத்துச் சொல்றோம்னு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. எங்க ஊர்ல பண்ணையார் வீட்டுப் பையன் புல்லட்ல சட்டை பட்டனைத் திறந்து விட்டுட்டுப் போவான். "என்ன கம்பீரம்"ம்பாங்க. காலனியில இருந்து படிச்சு வந்த வாத்தியார் ஒருத்தர், சம்பளத்துல சீட்டுப் போட்டு, அதே புல்லட்டை வாங்கினார். சட்டை பட்டன் எல்லாம் ஒழுங்காப் போட்டிருப்பார், ஹெல்மெட்டும் போட்டிருப்பார். டீக்கடையில ஒருத்தர் சொன்னதை நானே கேட்டேன். "திமிரப் பாத்தியா?" ஒரே வண்டி. எதிர்த்துப் பேசற பையனுக்குத் தைரியசாலின்னு பேரு, எதிர்த்துப் பேசற பொண்ணுக்குத் திமிர் பிடிச்சவன்னு பேரு. கீழ இருக்கணும்னு நாம நினைக்கிற ஆள் நிமிர்ந்துட்டா, அந்த நிமிர்வுக்கு நாம வைக்கிற பெயர்தான் திமிர்.

இப்போ கொஞ்சம் கனமான இடத்துக்கு வர்றேன்.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை. பட்டப்பகல்ல, பேருந்து நிலையம் பக்கத்துல, நடுரோட்டுல ஒரு இளைஞரையும் அவர் மனைவியையும் வெட்டினாங்க. அவர் செத்துப் போனார். அந்தப் பெண் தலையில வெட்டுக் காயத்தோட பிழைச்சாங்க. கேமராவுல பதிவான அந்தக் காட்சியை இங்க இருக்கிற நிறைய பேர் பாத்திருப்பீங்க. பார்க்காதவங்க பார்க்க வேண்டாம். அதுக்கு முன்னாடி 2003-ல விருத்தாசலம் பக்கத்துல ஒரு சோடியைக் காதுலயும் மூக்குலயும் விஷம் ஊத்திக் கொன்னாங்க. ஊர் பார்க்க நடந்தது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு வர்றதுக்கு 18 வருசம் ஆச்சு.

இந்தக் கொலைகளுக்கு நம்ம செய்தித்தாள்கள் ரொம்ப நாளா என்ன பெயர் வச்சிருந்தாங்க? "கௌரவக் கொலை." இங்கிலீஷ்ல இருந்ததை அப்படியே தமிழ் ஆக்கினாங்க. கௌரவம்ங்கற வடசொல்லுக்கு அடியில இருக்கிறது "குரு", கனமானதுன்னு பொருள். கௌரவம்னா கனம். நம்ம சட்டமன்றத்துலயே ஒரு காலத்துல அமைச்சரைக் "கனம்"னுதான் கூப்பிட்டாங்க, மாண்புமிகு எல்லாம் அப்புறம் வந்தது. அந்தக் கனம் தலைக்கு ஏறினா நாம தலைக்கனம்னு சொல்றோம். சரி, பெத்த பொண்ணைக் கொன்னவனுக்கு என்ன கனம்? காலையில டீக்கடையில பேப்பரைப் பிரிச்சு "கௌரவக் கொலை"ன்னு சத்தமாப் படிச்சா, கொன்னவனுக்கு ஒரு கௌரவம் இருந்த மாதிரியும், செத்தவங்க அதைக் கெடுத்த மாதிரியும் காதுல விழுது. தலைப்பே பாதித் தீர்ப்பைச் சொல்லிடுது.

2011-ல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லுச்சு. மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு. இந்தக் கொலைகள்ல கௌரவம்னு எதுவும் கிடையாது, காட்டுமிராண்டித்தனம்தான் இருக்குன்னு எழுதினாங்க. அது எந்த வழக்குல வந்தது தெரியுமா? நம்ம தமிழ்நாட்டு வழக்கு. கோயில் திருவிழா நேரத்துல நடந்த தகராறுல ஒருத்தரைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடிச்ச வழக்கு. அதாவது, ஒரு சொல்லைப் பத்தின வழக்கு. இழிவுபடுத்தற நோக்கத்தோட அப்படிக் கூப்பிடறதே குற்றம்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது.

இயக்கங்களும் எழுத்தாளர்களும் விடாமப் போராடி இன்னிக்குத் தமிழ்ல அந்தச் சொல் மாறியிருக்கு. "ஆணவக் கொலை." இப்போ பெரும்பாலான தமிழ் ஊடகங்கள்ல இதுதான் வழக்கு. நான் தமிழைப் பத்திப் பெருமைப்படற இடம் எதுன்னு கேட்டா, இதைத்தான் சொல்வேன். இங்கிலீஷ்ல இன்னமும் "ஹானர்"ங்கற சொல்லை அந்தக் கொலைக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டுத்தான் எழுதுறாங்க. நாம கொலைகாரன் பக்கம் இருந்த சொல்லைப் பிடுங்கி, குற்றத்தைச் சுட்டிக்காட்டற சொல்லை வச்சோம்.

அதுவும் என்ன பொருத்தமான சொல்! ஆணவம் சைவ சித்தாந்தத்துச் சொல். ஆணவம், கன்மம், மாயைன்னு மூணு மலம் சொல்வாங்க. அதுல முதல் மலம். கடவுள் நம்பிக்கை இருக்கோ இல்லையோ, இந்தச் சொல்லோட வேரைப் பாருங்க. "அணு." அளவில்லாம விரிஞ்சு இருக்க வேண்டிய உயிரை அணு மாதிரிச் சுருக்கிடற அழுக்கு, அதனால அது ஆணவம். தன்னைப் பெரிய ஆளுன்னு நினைக்கிறவனுக்கு நம்ம முன்னோர்கள் வச்ச பெயருக்குள்ளேயே அவன் எவ்வளவு சின்னவன்னு எழுதி வச்சிருக்கு.

அதனால தோழர்களே, ஒரு நடைமுறை வேண்டுகோள். நம்ம பக்கத்துல எந்தப் பதிவுலயும் "கௌரவக் கொலை"ன்னு வரக் கூடாது. செய்தி நிறுவனம் அப்படிப் போட்டிருந்தா, பகிரும்போது மாத்தி எழுதுங்க.

இன்னொரு பக்கத்தையும் பாத்துடுவோம். பெருமையே வேண்டாம்னு நான் சொல்லலை. சிலருக்கு அது சாப்பாடு மாதிரி தேவைப்பட்டிருக்கு.

1893-ல சென்னையில ரெட்டமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அதுக்கு அவர் வச்ச பெயர் "பறையன்". எதைச் சொல்லித் திட்டினாங்களோ, எதைக் கேட்டா தலை குனியணும்னு எதிர்பார்த்தாங்களோ, அந்தப் பெயரையே பத்திரிகை நெத்தியில பெரிசா அச்சடிச்சார். 1907-ல அயோத்திதாசர் வேற வழியில போனார். "ஒரு பைசாத் தமிழன்"னு பெயர் வச்சார். சாதிப் பெயரே வேண்டாம், நான் தமிழன்னு சொன்னார். ரெண்டு வழி, ரெண்டுக்கும் ஒரே பசி. இதையும், சிங்கம் வாள் போட்ட போஸ்டரையும் ஒண்ணா நினைச்சுக்காதீங்க. ஒருத்தன் மிதிக்கப்பட்ட இடத்துல இருந்து எழுந்து நிக்கிறான். இன்னொருத்தன் மிதிச்ச காலைத் தூக்கிக் காட்டறான்.

இதுல ஒரு சங்கதி. தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்கள்னு வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் சுத்தும், நீங்களும் ஃபார்வர்டு பண்ணியிருப்பீங்க. கட்டுமரம் போச்சு, சுருட்டு போச்சு, மிளகுத்தண்ணி போச்சு. பெருமைதான். ஆனா அந்தப் பட்டியல்ல நாம சேர்க்காம விடற சொல் ஒண்ணு இருக்கு. "பரையா". இங்கிலீஷ் அகராதியில அதுக்கு, எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்னு பொருள். நம்ம தெருவுல இருந்துதான் போச்சு. நாம ஒரு மக்கள் கூட்டத்தை எப்படி நடத்தினோம்னு பாத்து, உலகம் அதை ஒரு பொதுச் சொல்லாவே ஆக்கிக்கிச்சு. மொழிப் பெருமை பேசும்போது கட்டுமரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு இதை மறைக்கிறது நேர்மை இல்லை.

இங்கிலீஷ்ல "பிரைடு"ன்னு சொல்ற சொல்லுக்கு இப்போ உலகம் முழுக்க இன்னொரு பொருள் இருக்கு. 1969 ஜூன் 28, நியூயார்க்ல ஸ்டோன்வால்ங்கற விடுதியில போலீஸ் புகுந்தப்ப, அங்க இருந்த தன்பாலீர்ப்பாளர்களும் மாறிய பாலினத்தவரும் எதிர்த்து நின்னாங்க. அடுத்த வருசம் அதே நாள்ல ஊர்வலம் போனாங்க. வெட்கப்படுன்னு சொன்ன ஊருக்கு நடுவுல, வெட்கத்துக்கு எதிர்ச்சொல்லா அவங்க எடுத்துக்கிட்டதுதான் பிரைடு. 2009-ல சென்னையிலும் அந்தப் பேரணி ஆரம்பிச்சுது. தமிழ்ல அதுக்கு என்ன பெயர் வைக்கிறது? பெருமைப் பேரணின்னு வைக்கலை. வானவில் சுயமரியாதைப் பேரணின்னு வச்சாங்க.

எனக்கு அந்தப் பெயரைப் படிச்சப்ப ஒரு நிமிசம் பேச்சு வரலை. எவ்வளவு சரியான மொழிபெயர்ப்பு! அகராதி வச்சுக்கிட்டு உட்கார்ந்தா பிரைடுக்குப் பெருமைன்னுதான் வரும். நம்ம மண்ணோட வரலாறு தெரிஞ்சாத்தான் சுயமரியாதைன்னு வரும். 1925-ல குடி அரசு பத்திரிகையோட சேர்ந்து வளர்ந்த சொல் அது. 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுல, பெயருக்குப் பின்னால சாதிப் பட்டம் போடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. இன்னிக்கு வேற மாநிலத்துக்காரங்க நம்மகிட்ட "உங்க சர்நேம் என்ன"ன்னு கேட்டா முழிக்கிறோமே, அதுக்குப் பின்னாடி இப்படிப்பட்ட தீர்மானங்கள் இருக்கு. பெயருக்குப் பின்னால வாலை வெட்டின ஊரு இது. வெட்டின வாலை நம்ம பசங்க இன்ஸ்டாகிராம் பயோவுல மறுபடி ஒட்ட வச்சிருக்காங்க. எழுத்துல போட்டா தெரிஞ்சிடும்னு கலர்ல போடறாங்க, மஞ்சள் இதயம், சிவப்பு இதயம்னு. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க.

கலர் விளையாட்டு இல்லை. தென் மாவட்டப் பள்ளிக்கூடங்கள்ல கையில கட்டுற கயிறு எந்தக் கலர்னு பாத்தா என்ன சாதின்னு பசங்க சொல்லிடுவாங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பன்னிரண்டாவது படிச்ச ஒரு பையனை, கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கு அப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டாங்க. 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. கலர் கயிறு கூடாது, சாதி அடையாள மோதிரம் கூடாது, பள்ளிக்கூடப் பெயர்லயே இருக்கிற சாதிப் பெயரை எடுக்கணும்னு அதுல இருக்கு. பதினேழு வயசுப் பையன் கையில அரிவாள் எப்படி வந்துச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. அரிவாளுக்கு முன்னாடி அவன் போன்ல என்ன வந்துச்சுன்னு யாராவது கேட்டோமா? சிங்கம், வாள், நெருப்பு, பின்னணியில ஒரு பாட்டு, "பிறந்ததே பெருமை". அந்தப் பையன் என்ன சாதிக்கலாம், எதைப் படிக்கலாம்னு யாரும் சொல்லலை. நீ ஏற்கெனவே பெரிய ஆளு, பிறந்தப்பவே ஆயிட்டன்னு சொல்லிட்டாங்க. எதிர்ல ஒருத்தன் நல்லா மார்க் வாங்கினா அந்தப் பெருமை ஆட்டம் கண்டுடுது. என்ன பெருமை அது, பக்கத்து பெஞ்சுக்காரன் படிச்சா உடைஞ்சு போற பெருமை?

என் கதையைச் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா.

எனக்கு அப்போ இருபத்தி ஒரு வயசு. பழைய டிவிஎஸ் ஒண்ணு கையில. ஊர்ல சாதிச் சங்கக் கூட்டம் நடந்தப்ப ஒரு ஸ்டிக்கர் கொடுத்தாங்க. நல்லா இருக்கேன்னு வண்டி முன்னாடி ஒட்டிக்கிட்டேன். சத்தியமாச் சொல்றேன், அதுக்கு மேல எதுவும் யோசிக்கலை. எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில வேலை. தினமும் என் வண்டியில பின்னாடி உட்கார்ந்துதான் வருவான். ஒரு திங்கட்கிழமை, "நீ போடா, நான் பஸ்ல வந்துடறேன்"ன்னான். மறுநாளும் பஸ். அடுத்த வாரமும் பஸ். நான் கேட்டேன், "ஏன்டா?" "இல்லடா, பஸ்ல சீட் கிடைக்குது, தூங்கிக்கிட்டே வரலாம்." நான் நம்பிட்டேன். நாலு மாசம் நம்பினேன்.

அவன் வேற சாதி. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அதுவரைக்கும் எங்களுக்கு நடுவுல அது ஒரு விசயமாவே இல்லை. அந்த ஸ்டிக்கர் பின்னாடி உட்கார்ந்து அவன் எங்க ஊர்த் தெரு வழியா வரணும்னு நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் வண்டியைத் துடைக்கும்போது எங்கப்பாதான் கேட்டார். "உன் சிநேகிதன் இதப் பாத்துட்டா வரலையோ?" அவ்வளவுதான் கேட்டார். பிளேடு வச்சுச் சுரண்டி எடுத்தேன். பசை போகலை, மண்ணெண்ணெய் போட்டும் போகலை, வண்டியை விக்கிற வரைக்கும் அந்த இடம் வெள்ளையாவே இருந்துச்சு. அவன்கிட்ட போய் மன்னிப்பு கேட்டேன். "அட விடுடா"ன்னான். திரும்ப வண்டியில ஏறினான். ஆனா பழைய மாதிரி தோள்ல கை போட்டுக்கிட்டு உட்காரலை. பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தான்.

நான் யாரையும் அடிக்கலை. யாரையும் திட்டலை. ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன், அவ்வளவுதான்.

நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டறாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு, ஏன்னா இது நேத்துப் பதிவுல வந்தது. கீழடி. அகழாய்வு 2015-ல ஆரம்பிச்சுது, 2019-ல மாநிலத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டுச்சு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரைக்கும் போகுதுன்னு தெரிஞ்சுது. கொண்டாடுங்க. ஆனா கொண்டாடும்போது அங்க என்ன கிடைச்சுதுன்னு பாத்துக் கொண்டாடுங்க. கீறி எழுதின பானை ஓடு. "ஆதன்"னு ஒரு பெயர். தண்ணி வச்சிருந்த சட்டியோ, சோறு வச்சிருந்த சட்டியோ, யாரோ ஒருத்தர் தன் பெயரைத் தானே கீறி வச்சிருக்கார். அங்க கிடைச்ச பெருமை எழுத்தறிவோட பெருமை. தொல்காப்பியர் சொன்ன நாலுல முதல் காரணம். அந்தப் பானை ஓட்டுப் படத்துக்குக் கீழ நம்ம தோழர் ஒருத்தர் நேத்து, "ஆதன் எங்க ஆளு"ன்னு தன் சாதிப் பெயரைப் போட்டுக் கமெண்ட் எழுதியிருக்கார். கீழே இன்னொருத்தர், "இல்ல, எங்க ஆளு." அதுக்குக் கீழே அறுபது கமெண்ட் சண்டை. இவ்வளவு வருசம் மண்ணுக்குள்ள நிம்மதியா இருந்த ஆளு பாவம்.

வேலைக்கு வருவோம். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் உங்க பக்கத்துல, நீங்க நிர்வாகம் பண்ற குழுக்கள்ல, கொடி போட்டு சாதிப் பெயர் போட்ட பதிவு எதுவா இருந்தாலும் எடுத்துடுங்க. பிறந்தநாள் வாழ்த்தா இருந்தாலும் சரி, மாவட்டப் பொறுப்பாளருக்குப் போட்டதா இருந்தாலும் சரி. அவர் கோவிச்சுக்கிட்டா என் நம்பரைக் கொடுங்க. எதிர்க்கட்சிக்காரரைத் திட்டும்போது அவர் சாதியை இழுத்த பதிவு இருந்தா அதையும் எடுங்க, அது இன்னும் மோசம். பயோவுல கலர் இதயம் வச்சிருக்கிற தம்பிங்க, உங்களுக்குத் தெரியும் நான் யாரைச் சொல்றேன்னு. அப்புறம் அந்த 400 லைக் போஸ்டர் போட்ட தோழர், மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்துல வந்து உட்காருங்க, கொஞ்சம் பேசுவோம்.

கேள்வி இருந்தா கேளுங்க.